செம்பனைச் சாம்பல் கலந்த தரைக்கற்கள் உதிர்கின்றன: எங்கே பிழை?

சிம்பாங் அம்பாட் பட்டறை எழுதியது:

வணக்கம். பினாங்கு பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். தரைக்கல், கால்வாய் மூடி, வேலிக் கம்பம் ஆகியவற்றை வார்க்கிறோம்.

என் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் ஆளாக இருந்தவர். ஆலைக்குப் பின்னால் சாம்பல் மலைபோல் குவிந்து கிடக்கும். காற்று எங்கள் வரிசை வீடுகள் பக்கம் திரும்பினால், கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளை அம்மா ஓடிப்போய் எடுப்பார். அந்த மேடு இன்னும் இருக்கிறது. இப்போது அதன் மேல் புல் முளைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஈப்போவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள் வெட்டப்பட்டு வெள்ளையாக நிற்பதைப் பார்க்கிறேன். குன்றை வெட்டிச் சிமெண்டு செய்கிறோம், சாம்பலைக் குழியில் கொட்டுகிறோம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாதா என்பது பல வருடங்களாக என் மனத்தை விட்டுப் போகாத கேள்வி.

பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் முற்றத்துக்கு 400 சதுர அடி தரைக்கல் கேட்டிருக்கிறார்கள். இதில்தான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆலையிலிருந்து பத்து மூட்டை சாம்பல் வாங்கி, கொசுவலையில் சலித்தேன். 50 கிலோ சிமெண்டுப் பையில் 15 கிலோவை எடுத்துவிட்டு, அதே எடைக்குச் சாம்பல் சேர்த்தேன். கலவை இறுகியதால் கூடுதலாகத் தண்ணீர் விட்டோம். ஏழாம் நாள் கல்லின் ஓரத்தை விரலால் அழுத்தினால் உதிர்கிறது. அதே கலவையில் கியூப், அதாவது நசுக்கிப் பார்க்கும் கனசதுரக் கட்டி, செய்து சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். 28 நாளில் சாம்பல் கலந்தது சதுர மில்லிமீட்டருக்கு 17 நியூட்டன், சாம்பல் கலக்காதது 31.

ஒரு வியாபாரி நிலக்கரி மின்நிலையச் சாம்பல் ஒரு லோரி தருகிறேன் என்கிறார். பிறை ஊர்ப் பக்கம் எஃகு உருக்கும் இடத்திலிருந்து கசடு கிடைக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். சிமெண்டே இல்லாமல் காஸ்டிக் சோடா ஊற்றி இறுக வைக்கலாம் என்றும் ஒரு காணொளி பார்த்தேன். எந்த வழியில் போவது? பிள்ளைகள் ஓடி விளையாடப் போகும் தரை இது. அரைகுறையாகக் கொடுக்க மாட்டேன்.


பட்டர்வொர்த் பழைய சோதகர் எழுதியது:

தம்பி, கான்கிரீட் சோதனைக்கூடத்தில் 31 வருடம் இருந்தவன் நான். உங்கள் 17 எனக்கு வியப்பாக இல்லை. நான் முதலில் கேட்பது சாம்பலைப் பற்றி அல்ல. நீங்கள் வாங்கிய சிமெண்டுப் பையைத் திருப்பி, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வகையைப் படித்தீர்களா? ரோமன் எண்ணில் ஒன்று இருந்தால் அது ஏறக்குறைய முழுக் கிளிங்கர், 95 விழுக்காடும் அதற்கு மேலும். கிளிங்கர் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டி, அதை அரைத்தால்தான் சிமெண்டு. இரண்டு இருந்தால் அது கலப்புச் சிமெண்டு. சுண்ணாம்புக்கல் தூளோ நிலக்கரிச் சாம்பலோ ஆலையிலேயே அதில் சேர்ந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து B போட்டிருந்தால் 21 முதல் 35 விழுக்காடு வரை கிளிங்கர் அல்லாத பொருள். வன்பொருள் கடையில் நாம் வாங்கும் பை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. உங்களுடையதும் அதுவானால், ஏற்கெனவே கால்பங்கு குறைந்த சிமெண்டில் நீங்கள் மேலும் 30 விழுக்காட்டை எடுத்திருக்கிறீர்கள். பாதிதான் மிச்சம்.

இது ஏன் முக்கியம் என்றால், சாம்பல் தானாக இறுகாது. சிமெண்டு தண்ணீரோடு சேரும்போது பசையோடு கூடவே சுண்ணாம்பையும் வெளியே விடுகிறது. அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பலில் உள்ள சிலிக்கா பசையாக மாறும். கிளிங்கர் குறைந்தால் சுண்ணாம்பும் குறையும், சாம்பல் பசியோடு கிடக்கும். நம் முன்னோர் கைக்கு இது பழகிய வேலைதான். செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு அரைத்தால் சுர்க்கிக் காரை. 1887 முதல் 1895 வரை முல்லைப்பெரியாறு அணையைக் கட்டியது அந்தக் காரையை வைத்துத்தான். சுட்ட மண்ணின் சிலிக்காவும் சுண்ணாம்பும் செய்த வேலையை இங்கே செம்பனைச் சாம்பல் செய்யும். ஆனால் அவர்கள் செக்கில் மாடு கட்டி அரை நாள் அரைத்தார்கள். நீங்கள் கொசுவலையில் சலித்தீர்கள்.

அரைப்புதான் உயிர். ஆலைச் சாம்பல் அப்படியே பார்த்தால் கண்ணறைகள் நிறைந்த சொரசொரப்பான துகள். அது தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் கலவை இறுகியது, நீங்கள் மேலும் தண்ணீர் விட்டீர்கள், அந்தத் தண்ணீர் பிறகு துவாரமாக நின்றது. உங்கள் 31 ஐ 17 ஆக்கியதில் பாதிப் பழி அந்த வாளிக்கு உண்டு. தயவுசெய்து இனிமேல் பார்வைக்குத் தண்ணீர் விடாதீர்கள். தராசில் நிறுத்து விடுங்கள். ஈர மணலில் இருக்கும் தண்ணீரையும் கணக்கில் கழியுங்கள். மழை நாளில் மணல் குவியல் எவ்வளவு குடித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். சாம்பலைக் காய வைத்து 300 மைக்ரான் சல்லடையில் சலித்துக் கட்டியையும் கரித்துண்டையும் நீக்குங்கள். பிறகு அரையுங்கள். ஜல்லியின் தேய்மானத்தைச் சோதிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் இயந்திரம் என்ற இரும்பு உருளை பல சோதனைக்கூடங்களில் உண்டு. நம் நாட்டு ஆய்வாளர்கள் பலர் அதற்குள் எஃகுக் கம்பிகளைப் போட்டுத்தான் செம்பனைச் சாம்பலை அரைத்தார்கள். மணிக்கணக்கில் ஓட வேண்டும். போதுமா என்று அறிய, 45 மைக்ரான் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசுங்கள். நிலக்கரிச் சாம்பலுக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் எல்லை, மேலே தங்குவது 34 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது. செம்பனைச் சாம்பலை நான் அதைவிட நன்றாக அரைப்பேன், பத்துக்குக் கீழே வரும்வரை.

இன்னொன்று. 28 நாளோடு தீர்ப்பு எழுதாதீர்கள். இந்தச் சாம்பல் மெதுவாக வேலை செய்யும். 90 நாள் கியூபும் வைத்திருங்கள். முதல் ஏழு நாள் ஈரச்சாக்கு விலகவே கூடாது. காய்ந்த இடத்தில் சாம்பல் வேலையை நிறுத்திவிடும்.


கொதிகலன் காவல் எழுதியது:

அண்ணன், நான் ஆலையில் கொதிகலன் பிரிவில் இருக்கிறேன். சாம்பல் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்களிடம் பல விதம் இருக்கிறது. நாரும் கொட்டை ஓடும் எரிக்கும் கொதிகலனில், தட்டுக்குக் கீழே விழுவது கட்டியும் கண்ணாடிபோல உருகிய கல்லுமாக இருக்கும். புகைபோக்கிக்கு முன்னால் தூசு பிடிக்கும் சுழல்கலத்தில் சேர்வது மென்மையான தூள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பழம் உதிர்த்த வெறுங்குலையை எரித்த சாம்பல் வேறு விஷயம். அதில் பொட்டாசியம் மிகுதி, தோட்டத்துக்கு உரமாகப் போகும். கான்கிரீட்டில் போட வேண்டாம். உங்கள் பத்து மூட்டை எங்கிருந்து அள்ளியது என்று கேட்டுப் பாருங்கள். வெளியே மேட்டிலிருந்து அள்ளியிருந்தால் எல்லாம் கலந்திருக்கும், மழையும் நனைத்திருக்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒரே நிறத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். ஈர நார் அதிகம் போட்ட நாளில் சாம்பல் கறுப்பாக இருக்கும், சரியாக எரிந்திருக்காது. சாம்பல் நிறமாக வரும் நாளில் எடுப்பது நல்லது.


சிம்பாங் அம்பாட் பட்டறை எழுதியது:

ஐயா, பையைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ரோமன் எண் இரண்டு, கூடவே B எழுத்து. இருபது வருடமாகப் பை பையாக உடைத்திருக்கிறேன், ஒரு முறைகூட அந்த வரியைப் படித்ததில்லை. சாம்பலும் மேட்டிலிருந்து அள்ளியதுதான் என்று ஆலையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் முதல் வகைச் சிமெண்டு வாங்கி, அதில் 20 விழுக்காடு அரைத்த சாம்பல் போட்டால் போதுமா?


கண்ணாடிக் குடுவை எழுதியது:

அண்ணா, போதும். கல் உறுதியாக வரும். ஆனால் ஈப்போ குன்றையும் சாம்பல் மேட்டையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குன்றை வெட்டிச் செய்யும் சிமெண்டோடு கார்பன் கணக்கும் சேர்ந்தே வருகிறது. அதனால் ஒரு கணக்கை நேர்மையாகப் போட்டுவிடுவோம். நான் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், நிபோங் திபாலில் குடியிருக்கிறேன்.

சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சூடாக்கினால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். இது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளேயே அடைந்திருந்த வாயு. சூளைக்குச் சூரிய ஒளியையே எரிபொருளாகக் கொடுத்தாலும் அது வெளியேறத்தான் செய்யும். அதன் மேல், 1450 பாகை வெப்பத்துக்கு எரிக்கும் எரிபொருளின் புகை. சிமெண்டுத் தொழில் விடும் வாயுவில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. ஆகவே கார்பனைக் குறைப்பது என்றால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் இருக்கும் கிளிங்கரைக் குறைப்பது. வேறு எந்தக் கணக்கும் பிறகுதான்.

இப்போது பாருங்கள். முதல் வகைச் சிமெண்டில் 20 விழுக்காட்டைச் சாம்பலாக மாற்றினால், மிச்சக் கிளிங்கர் ஏறக்குறைய 76. நீங்கள் இத்தனை நாள் வாங்கிய கலப்புப் பையில் 65 முதல் 79. அதாவது சாம்பலை அரைத்து, உழைத்து, கடைசியில் பழைய பையில் இருந்த அளவு கிளிங்கரையோ அதைவிட அதிகமாகவோ வார்த்திருப்பீர்கள். அந்தப் பையே குறைந்த கார்பன் சிமெண்டுதான்.

எனவே இரண்டு வழியை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பேன். கலப்புப் பையோடு பத்து விழுக்காடு மட்டும் சாம்பல். அல்லது முதல் வகையோடு முப்பது. இரண்டிலும் கிளிங்கர் கிட்டத்தட்ட ஒரே அளவில், 67 பக்கம் வந்து நிற்கும். முதல் வழியில் அரைக்கும் வேலை மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவதில் சாம்பல் மேடு வேகமாகக் குறையும். உங்கள் இரண்டு கவலைகளில் எதற்கு முதலிடம் என்பது உங்கள் தீர்மானம்.

தண்ணீரைக் குறைக்க நீர்க்குறைப்பி மருந்து சேர்ப்பீர்களானால், கறுத்த சாம்பலில் கவனம் வேண்டும். எரியாத கரி அந்த மருந்தை விழுங்கிவிடும். ஆய்வகங்களில் 500 பாகைச் சூட்டில் கரியை மறுபடி எரித்து நீக்குகிறார்கள், அதன்பின் மிக நுண்ணியதாக அரைக்கிறார்கள். அப்படிச் செய்த சாம்பலை 60 விழுக்காடு வரை போட்டு உயர்வலிமைக் கான்கிரீட் செய்திருக்கிறார்கள். பட்டறைக்கு அது ஒத்து வராது. கொதிகலன் அண்ணன் சொன்னதுபோல நன்றாக எரிந்த சாம்பலைத் தேர்ந்தெடுப்பதே மலிவான வழி.

மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நிலக்கரிச் சாம்பல் நல்ல பொருள். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. ஆனால் நம் நாட்டில் அது 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளுக்குள் வருகிறது. சுற்றுச்சூழல் துறையின் அனுமதியும் கழிவு நகர்வுப் பதிவும் இல்லாமல் யாரும் லோரியில் ஏற்றி வந்து உங்கள் பட்டறையில் கொட்ட முடியாது. தாள் எதுவும் காட்டாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். மலேசியா நிலக்கரி மின்நிலையங்களைப் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்திருப்பதால், அந்தச் சாம்பலும் ஒருநாள் அரிதாகும். செம்பனை ஆலைச் சாம்பலின் மீது நான் இத்தனை அக்கறை காட்டுவதற்கு அதுவும் காரணம்.

கசடு விஷயத்தில் பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஊதுலையில் இரும்பு எடுக்கும்போது மிதக்கும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி மணலாகும். அதை அரைத்தால் அருமையான சிமெண்டுப் பொருள், பாதிக்கு மேலும் மாற்றலாம். கடலோரக் கட்டுமானத்தில் உப்பைத் தடுக்கும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது வரும் கசடு அது அல்ல. மெதுவாக ஆறிக் கல்லாகிவிட்டது. அதில் தனிச் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிச்சம் இருந்தால், கல் இறுகிய பின்னும் ஈரம் பட்டு வீங்கும். பள்ளி முற்றத்தில் ஆறு மாதத்தில் கல் மேலே எழும்பி வெடிக்கும். நன்றாக வெளியில் கிடந்து முதிர்ந்த பின் சாலைக்கு ஜல்லியாகப் போடுகிறார்கள். அது தனி வேலை. உங்களுக்கு வரும் கசடு எந்த உலையுடையது என்று கேட்காமல் தொடாதீர்கள்.

காஸ்டிக் சோடாவைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கடுமையாகும். அந்தக் கலை பொய்யில்லை. 1950களில் கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி கசடையும் காரத்தையும் கலந்து கட்டடம் கட்டும் வழியைக் கண்டார். 1970களின் இறுதியில் பிரான்சின் டேவிடோவிட்ஸ் அத்தகைய பொருள்களுக்கு ஜியோபாலிமர் என்று பெயர் வைத்தார். நமக்குப் பக்கத்திலேயே பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் சோடா தண்ணீரில் விழுந்தவுடன் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். என் மாணவப் பருவத்தில் கையுறையில் இருந்த ஊசித் துளை வழியாக ஒரு சொட்டு இறங்கியது. வலிக்கவில்லை, வழுவழுப்பாக மட்டும் இருந்தது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. திறந்த பட்டறை, வெறுங்கால், மூன்று தொழிலாளர்கள். வேண்டாம் அண்ணா. அந்தச் சோடாவையும் சிலிகேட்டையும் தயாரிக்கவும் நிறைய ஆற்றல் செலவாகிறது. காணொளிகளில் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். தூசில் படிகச் சிலிக்கா இருக்கலாம், நுரையீரலை விட்டுப் போகாது.


செந்தூல் கட்டுமானம் எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து ஒரு சொல். இரட்டைக் கோபுரத்தின் கீழ்த்தளத் தூண்களில் 80 தரக் கான்கிரீட், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் தாங்குவது, இருக்கிறது. அதில் சிலிக்காத் தூசு சேர்த்தார்கள். அது சிலிக்கான் உலைகளின் புகையிலிருந்து பிடித்த கழிவு. நான் வேலை பார்க்கும் தளங்களிலும் கனமான அடித்தளம் வார்க்கும்போது கசடு அல்லது சாம்பல் கலந்த கான்கிரீட்டையே கேட்டு வாங்குகிறோம், உள்ளே வெப்பம் ஏறி வெடிக்காமல் இருக்க. ஆகவே கழிவு என்றால் தாழ்ந்த சரக்கு என்று பள்ளி வாரியத்தில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் தரைக்கல்லுக்கு ஒன்று கவனியுங்கள். உங்கள் அச்சு நாளைக்குக் காலையில் காலியாக வேண்டும். 30 விழுக்காட்டில் மறுநாள் அச்சைப் பிரிக்கும்போது மூலை உடையலாம். அச்சு எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கலவை என்பது முடிவாகும்.


பட்டர்வொர்த் பழைய சோதகர் எழுதியது:

செந்தூல் சொன்னது முக்கியம். நான் அதை மறந்துவிட்டேன். நான் கியூபைப் பார்த்தே பழகியவன், அச்சுக்குக் காத்திருக்கும் பட்டறையில் நின்றதில்லை.

கண்ணாடிக் குடுவைச் சகோதரியின் கணக்கை இரண்டு முறை படித்தேன். முதல் வகையோடு 20 என்று நீங்கள் கேட்டதற்கு நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். வலிமையை மட்டும் பார்த்திருப்பேன். தம்பி, இரண்டு வழியிலும் கியூப் போடுங்கள். வழக்கமான பை மட்டும் போட்டதையும் சேர்த்து மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஒன்பது கியூப், 7, 28, 90 நாளுக்கு மும்மூன்று. ஒன்றே ஒன்றை உடைத்து வரும் எண்ணை நம்பாதீர்கள்.


சிம்பாங் அம்பாட் பட்டறை எழுதியது, நான்கு மாதத்துக்குப் பின்:

ஐயா, சகோதரி, அனைவருக்கும் வணக்கம். 90 நாள் கியூப்களை நேற்றுத்தான் உடைத்தோம். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

சுழல்கலத்துச் சாம்பலை ஆலையிலேயே நேராக டிரம்மில் பிடித்தேன், மழை படாமல். சோதனைக்கூட உருளையில் அரைத்தது முதல் தவணைக்கு மட்டும். பிறகு பழைய கலவை இயந்திரத்தின் உருளையை மூடி, எஃகு உருண்டைகள் போட்டு நானே ஓட்டினேன். ஐந்து மணி நேரம் ஓடினால் 45 மைக்ரான் சல்லடையில் 12 விழுக்காடு தங்குகிறது. ஐயா சொன்ன பத்துக்குள் இன்னும் வரவில்லை. சத்தம் காரணமாக இரவில் ஓட்ட முடியவில்லை.

தண்ணீரை நிறுத்தே விட்டோம். வழக்கமான பை மட்டும் போட்டது 7 நாளில் 22, 28 இல் 33, 90 இல் 37. அதே பையோடு பத்து விழுக்காடு சாம்பல்: 20, 31, 37. முதல் வகையோடு முப்பது விழுக்காடு: 18, 29, 38. கடைசி எண்ணை அவர்கள் தொலைபேசியில் சொன்னபோது மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்று கியூபும் அடுத்தடுத்த எண்களாகத்தான் வந்திருந்தன.

அச்சு விஷயத்தில் செந்தூல் நண்பர் எச்சரித்தபடியே நடந்தது. முப்பது விழுக்காட்டில் மறுநாள் பிரித்த இருபது கல்லில் ஆறு கல் மூலை போனது. இரண்டாம் நாள் பிரித்தால் ஒன்றும் ஆகவில்லை. தரைக்கல்லுக்கு அத்தனை அச்சு என்னிடம் இல்லை. ஆகவே பள்ளி முற்றத்துக்குப் பத்து விழுக்காடு போட்டேன். போன வாரம் பதித்து முடித்தோம். கல் கொஞ்சம் கறுத்த நிறமாக இருக்கிறது. தலைமையாசிரியை காரணம் கேட்டார். ஆலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த அறிவியல் வாரத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பட்டறைக்கு அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார். உருளையை அன்று ஓட்டமாட்டேன், தூசு பறக்கும்.

கால்வாய் மூடிகளுக்கு வேறு முடிவு. அவற்றை வார்த்து இரண்டு மூன்று மாதம் அடுக்கி வைப்பது வழக்கம். யாருக்கும் அவசரமில்லை. அவற்றுக்கு முதல் வகைச் சிமெண்டும் முப்பது விழுக்காடு சாம்பலும். இதுவரை 60 மூடி வார்த்தாயிற்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் தேதி கீறியிருக்கிறேன்.

கொதிகலன் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். மேட்டில் கிடக்கும் பழைய சாம்பலைக் காய வைத்து, சலித்து, சிறு தவணையாகப் பரிசோதிக்கப் போகிறேன். அந்த மேட்டின் எந்தப் பக்கம் வெறுங்குலைச் சாம்பல் கொட்டப்பட்டது என்று அங்கே மூத்தவர்கள் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? அப்பா இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.


கொதிகலன் காவல் எழுதியது:

அண்ணன், தராசு நிலையத்தில் இருக்கும் பெரியவரிடம் கேட்டேன். ஆற்றுப் பக்கம் முழுவதும் குலைச் சாம்பல்தானாம். சாலைப் பக்கம்தான் கொதிகலன் சாம்பல். உங்கள் அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். சனிக்கிழமை காலை வாருங்கள், அவரே மேட்டின் மேல் நின்று காட்டுகிறேன் என்கிறார்.